உப்பு கொஞ்சம் தூக்கல்: முதிய குரலைக் கேட்பது பற்றிச் சில குறிப்புகள்

கச்சேரி விமர்சனத்தில் ‘இந்த வயதிலும்’ என்று யாராவது எழுதியிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். பாடியவருக்கு எழுபத்தைந்து வயது என்று அந்த வார்த்தை சொல்கிறது. எப்படிப் பாடினார் என்று சொல்வதில்லை. ‘பழுத்த அனுபவம்’, ‘முதிர்ந்த ஞானம்’ எல்லாம் இதே ரகம்தான். மரியாதைக்காகச் சொல்லப்படுகிற சொற்கள். மரியாதை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மரியாதை மட்டும் போதும் என்றால், கேட்பதற்கு எதற்கு இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு பொன்னாடையோடு முடித்துக்கொள்ளலாமே.

இதைப் பற்றி என் பழைய நண்பன் ஒருவனோடு பல மாதங்களாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லூரி நாளிலிருந்து பழக்கம், இருவருக்கும் அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறான். மனைவி போனபிறகு சமையல் கற்றுக்கொண்டவன். அதற்கு முன்பு நன்றாகப் பாடுவான். மேடைப் பாடகன் இல்லை, ஆனால் கல்யாண வீட்டில் அவன் இருக்கிறான் என்று தெரிந்தால் ஒரு காம்போதி கேட்காமல் விட மாட்டோம். அறுபது வயதில் நிறுத்திவிட்டான். வீட்டில் முணுமுணுப்பதுகூட இல்லை.

அவன் கட்சி முசிறி. “முசிறி பண்ணினதுதான்டா சரி. குரல் ஒத்துழைக்கலைன்னு தெரிஞ்சதும் எழுந்து போயிட்டார்” என்பான். முசிறி சுப்பிரமணிய ஐயர் (1899–1975) உயர்ந்த சுருதியில், மேல் ஸ்தாயியில் நின்று நிரவல் செய்து பெயர் வாங்கியவர். 1940களின் நடுவிலேயே கச்சேரி மேடையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பிறகு சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியின் முதல்வராக இருந்தார், டி.கே. கோவிந்தராவ், மணி கிருஷ்ணசாமி போன்ற சீடர்களை உருவாக்கினார்.

நான் செம்மங்குடி கட்சி. செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) 1947-இல், நாற்பது நிறையும் முன்பே சங்கீத கலாநிதி ஆனவர். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு பாடினார். அவர் குரல் இளமையிலேயே வழவழப்பானது அல்ல. கரகரப்பு, மூக்கடைப்பு, ஒரு பிடிவாதம் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் அவருக்கு நன்மையாக முடிந்தது. அழகான குரலோடு பிறந்தவர்களுக்கு வயதானால் போவதற்கு நிறைய இருக்கிறது. முரட்டுக் குரலை வேலை வாங்கப் பழகியவருக்கு முதுமை இன்னும் ஒரு முரட்டுத்தனம், அவ்வளவுதான். டைகர் வரதாச்சாரியாரைப் பற்றியும் (1876–1950) இப்படித்தான் சொல்வார்கள்: குரல் இல்லை, கற்பனை கொட்டும்.

முதுமையில் குரலுக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். குரல்வளையின் குருத்தெலும்புகள் இறுகி எலும்பாகின்றன. குரல் நாண்களின் தசை மெலிகிறது, அவை முழுதாகச் சேராமல் இடையில் காற்று கசிகிறது. நுரையீரலின் கொள்ளளவு குறைவதால் நீண்ட சங்கதியை ஒரே மூச்சில் முடிக்க முடிவதில்லை. பொதுவாக ஆண்களின் பேச்சுக்குரல் முதுமையில் சற்று உயர்கிறது, பெண்களின் குரல் மாதவிடாய் நின்றபின் இறங்குகிறது. ஆக, முதலில் போவது பிருகா. அடுத்தது தார ஸ்தாயி. அப்புறம், நின்று பிடிக்கிற கார்வை.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நண்பன் வற்றல் குழம்பை இறக்கினான். சாப்பிட்டேன். “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றேன். “எனக்குச் சரியா இருக்கே” என்றான்.

அவனுக்குச் சரியாகத்தான் இருக்கும். வயதானால் நாக்கு மழுங்குகிறது, மூக்கு அதைவிட அதிகமாக மழுங்குகிறது. போதாததற்கு மாத்திரைகள் வேறு. உப்பு போதவில்லை என்றே தோன்றும். அவனால் பெருங்காயத்தின் வாசனையைப் பழையபடி பிடிக்க முடியவில்லை. ஆனால் குழம்பின் பதம் தப்பவே இல்லை என்பதைக் கவனித்தேன். எப்படி என்று கேட்டேன். “மூக்கை நம்பறதை விட்டுட்டேன். எண்ணெய் ஓரத்துல பிரிஞ்சு வருதான்னு பார்ப்பேன். ரசம்னா நுரை கட்டி மேல வர்றப்ப இறக்கிடுவேன், கொதிக்க விட மாட்டேன். கண்ணுல சமைக்கிறேன்டா இப்ப.”

முதிய பாடகரைக் கேட்கும்போது விமர்சகன் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. போனது என்ன என்பது எல்லோருக்கும் கேட்கிறது. அதற்குப் பதிலாக எதை வைத்திருக்கிறார்? பிருகா போன இடத்தில் சிலர் அதே பிருகாவின் நிழலை வைக்கிறார்கள். ஸ்வரங்கள் குழம்பிப் போன ஒரு உருட்டல் அது. கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் கைதட்டல் விழும். வேறு சிலர் அந்த இடத்தைக் காலியாக விடுகிறார்கள், அல்லது நேர் ஸ்வரமாக நிறுத்துகிறார்கள். செம்மங்குடியின் பிற்காலப் பதிவுகளில் கரகரப்ரியாவை எடுத்துக்கொண்டால், ஒரு பிரயோகத்தைப் பாதியில் விட்டு, மீதியை வயலினுக்குக் கொடுத்துவிடுவார். கேட்பவனுக்கு ராகம் அறுந்த மாதிரி தோன்றாது. எங்கே விடலாம் என்பது அவருக்குத் தெரியும். இது மூக்கை விட்டுவிட்டுக் கண்ணால் சமைப்பது.

நண்பன் விடவில்லை. “சரி, பின்னாடி உக்காந்திருக்கிற சிஷ்யன் மேல் ஸ்தாயியைப் பாடறானே, அது யார் கச்சேரி?” நியாயமான கேள்வி. பக்கபலமாக அமர்ந்த சீடர் ஒரு சங்கதியை எட்டிப் பிடித்துக் கொடுப்பது நம் மரபிலேயே உள்ளது, அதில் தவறில்லை. ஆனால் பல்லவி முழுக்கச் சீடர் தூக்கிச் சுமந்த கச்சேரிக்குக் குருவைப் பாராட்டி எழுதுவது சீடருக்குச் செய்கிற அநியாயம். அதை எழுத வேண்டும், பெயரைச் சொல்லி.

இதில் மைக்குக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஒலிபெருக்கி வருமுன் பாடியவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றே உயர்ந்த சுருதி வைத்தார்கள். அப்படிப் பாடிய குரலுக்கு ஆயுள் குறைவு. மைக் வந்தபின் சுருதியைக் குறைத்துக்கொள்ளலாம், தொண்டையை வருத்த வேண்டியதில்லை. எம்.டி. ராமநாதன் (1923–1984) மாதிரி அடி ஸ்தாயியில் விளம்பமாகப் பாடுவது பெரிய அரங்கில் சாத்தியமானதே அதனால்தான். அவரை முதன்முதலில் ரேடியோவில் கேட்டபோது எண்பது வயதுக்காரர் என்று நினைத்தேன் என்று நண்பன் இன்றும் சிரிப்பான். முசிறி விலகியதும் செம்மங்குடி தொடர்ந்ததும் இரண்டு மனிதர்களின் சுபாவம் மட்டுமல்ல, இரண்டு விதமான குரல் உபயோகமும்கூட.

பெண்கள் விஷயத்தில் நம் காது இவ்வளவு தாராளமாக இல்லை. ஆண் வித்வானின் கரகரப்பை ‘கம்பீரம்’ என்கிறோம். பெண் குரல் இறங்கினால் ‘பழைய குரல் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எம்.எஸ். 1920களிலேயே சிறுமியாக இசைத்தட்டில் பாடியவர், 1997-இல் சதாசிவம் மறைந்தபின் மேடையில் பாடவில்லை. அவ்வளவு நீண்ட காலத்தின் பதிவுகள் நம்மிடம் இருந்தும் நாம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது நடுவயதுக் குரலை மட்டும்தான். டி.கே. பட்டம்மாளின் (1919–2009) பிற்காலப் பாட்டில் சொற்கள் எவ்வளவு தெளிவாக விழுகின்றன, காலப்பிரமாணம் எப்படி அசையாமல் நிற்கிறது என்று யாராவது உட்கார்ந்து எழுதலாம். குரல் நாண் மெலிந்தாலும் தாளம் மெலியாது என்பதற்கு நல்ல சாட்சி அது.

இன்னொன்று, சொன்னால் சபாவில் அடிக்க வருவார்கள். கேட்கிற நமக்கும் வயதாகிறது. முதலில் மங்குவது உயர் அதிர்வெண்கள். தம்புராவின் உயிர் அதன் மேல் ஓசைகளில்தான் இருக்கிறது, அந்த ஜீவா நூலை ஒட்டி எழும் இரைச்சலில். எனக்கு அது இப்போது இருபது வயதில் கேட்ட மாதிரி கேட்பதில்லை. ‘ச’வும் ‘த’வும் கலங்குகின்றன. பாடியவரின் சுருதி இம்மி விலகியதை நான் மன்னித்தேனா, அல்லது எனக்குக் கேட்கவே இல்லையா? உப்பு தூக்கலான குழம்பு சமைத்தவனுக்குச் சரியாக இருந்த மாதிரிதான் இதுவும். அதனால் இப்போதெல்லாம் ஒரு பழைய பதிவைப் பற்றி எழுதும் முன் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியிடம் ஒரு முறை போட்டுக் காட்டுகிறேன். அவள் முகம் சுளிக்கிற இடத்தைக் குறித்துக்கொள்கிறேன்.

சமையலறையில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறோம், உப்பு அதிகம், புளி பச்சை வாசனை என்று. சமைத்தவர் கோபித்தாலும் மறுநாள் சரியாகிவிடுகிறது. கச்சேரிக்கு மட்டும் இந்தப் பேச்சு கிடையாது. எதிரில் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்து, கேன்டீன் வரிசையில் நின்று ‘பாவம்’ என்கிறோம். அந்தப் ‘பாவம்’தான் எனக்குப் பொறுக்கவில்லை. செம்மங்குடியை நான் அப்படிக் கேட்க மாட்டேன். ‘இன்று நிஷாதம் சேரவில்லை, ஆனால் நிரவலில் அந்த இரண்டாவது சுற்று இருக்கிறதே’ என்று எழுதுவதில்தான் அவருக்கு மரியாதை.

நண்பன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப நான் பாடினா நீ இப்படித்தான் சொல்லுவியா?” என்றான். சொல்வேன் என்றேன். சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கொள் என்றும் சொன்னேன். “இறக்கினா அது என் பாட்டு இல்லைடா” என்று பேச்சை அன்றைக்கு முடித்துவிட்டான். போன வாரம் போன் செய்தான். எலக்ட்ரானிக் தம்புராவைத் தூசு தட்டி வைத்திருக்கிறானாம். காம்போதி வேண்டாம், மேலே போக வேண்டியிருக்கும் என்கிறான். சஹானா பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.