முகமும் முகவரியும்: ஒரு நடிகையின் சொந்தப் பக்கத்தை முன்வைத்து

என் அக்கா மகள் நடிக்கிறாள். வீதி நாடகத்தில் ஆரம்பித்தவள். இரண்டு சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறாள். இன்னொன்றில் நாலு வரி வசனம். போன மாதம் வீட்டுக்கு வந்து, "சின்னம்மா, எனக்குன்னு ஒரு இணையதளம் போடறேன். என்னைப் பத்தி கொஞ்சம் எழுதிக் குடு"ன்னு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பத்திதானே என்று நானும் பேனாவை எடுத்தேன். மூன்று நாள் ஆயிற்று. ஒரு பத்திக்குள் இத்தனை சாதி ஒளிந்து கிடக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

மாதிரிக்காக நடிகர்கள், மாடல்கள் வைத்திருக்கும் பக்கங்களை வரிசையாகப் பார்த்தேன். இவற்றையும் ஒரு இலக்கிய வகையாகவே வாசிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம்தான். மேலே முகப்படம், அடுத்து முழு உருவப் படம். பிறகு உயரம், தெரிந்த மொழிகள், தெரிந்த கலைகள். நடித்தவற்றின் பட்டியல், நடித்த காட்சிகளை ஒட்டிய சின்ன வீடியோ, கடைசியில் தொடர்புக்கு. 'என்னைப் பற்றி' என்று தலைப்பைப் போட்டுவிட்டு உள்ளே பார்த்தால் 'இவர் சிறு வயது முதலே கலையார்வம் மிக்கவர்' என்று படர்க்கையில் ஓடுகிறது. யாரோ பெரிய மனுஷர் பக்கத்தில் நின்று சிபாரிசு செய்வதுபோல. இந்தப் படர்க்கை நமக்கு ரொம்பப் பழக்கமானது. நம்மைப் பற்றி எப்போதும் அடுத்தவர்கள்தானே எழுதினார்கள்? 'அவர்கள்' என்றே எழுதப்பட்ட சனங்கள் 'நான்' என்று ஆரம்பிப்பதே ஒரு கலகம்தான்.

'தெரிந்த கலைகள்' என்ற இடத்துக்கு வருவோம். திரும்பத் திரும்ப பரதநாட்டியம், கர்நாடக சங்கீதம், வீணை. நான் பார்த்த வரையில் ஒரு பக்கத்திலும் பறை இல்லை, ஒப்பாரி இல்லை. இத்தனைக்கும் பரதம் என்பது தேவரடியார் குலத்துப் பெண்கள் உடம்பில் சுமந்த சதிர். 1930களில் அந்தப் பெண்களைக் 'கெட்டவர்கள்' என்று ஒதுக்கிவிட்டு, ஆட்டத்தை மட்டும் எடுத்துக் கழுவி மேடையேற்றினார்கள். கலாக்ஷேத்ரா ஆரம்பித்தது 1936இல். அதைக் கற்றுக்கொண்டால் தகுதி. எங்க ஆயா எழவு வீட்டில் விடிய விடிய இட்டுக்கட்டிப் பாடியது தகுதி இல்லையாம். அழுது நடிக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய பயிற்சி எது? என் அக்கா மகளே முதலில் அந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தாள். கேட்டேன். "அதெல்லாம் போட்டா சாவு சீனுக்கு மட்டும்தான் கூப்புடுவாங்க சின்னம்மா" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. வாய்ப்புக் கேட்டுப் போன ஓரிடத்தில், முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கிராமத்து கேரக்டர் வந்தா சொல்றோம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் பட்டணத்தில். கறுப்பாக இருந்தால் கிராமம். கிராமம் என்றால் வேலைக்காரி, குடிசைக்காரி, பிணத்தைச் சுற்றி அழுகிறவள். இதுதான் அவர்கள் வைத்திருக்கும் அகராதி.

அடுத்து முகப்படம். ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடுத்த படத்தைக் காட்டினாள். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் வெளுத்துக் கிடந்தது. "நாங் கேக்கவே இல்ல. அவங்களே பண்ணிட்டாங்க. இது நான் இல்ல, பவுடர் டப்பாவுல வுழுந்த எவளோ" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவன் நேரில் பார்த்ததும் ஏமாற்றிவிட்டாள் என்பான். பொய் சொன்னது ஸ்டுடியோ, பழி அவளுக்கு.

இது ஒரு ஸ்டுடியோக்காரரின் குணம் மட்டுமில்லை. கருவிக்குள்ளேயே நிறம் இருக்கிறது. கோடாக் கம்பெனி கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களுக்கு ஒரு அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். பெயர் ஷெர்லி அட்டை. அவள் தோல் ஒழுங்காக வந்தால் கலர் சரி என்று கணக்கு. கறுத்த தோல் இருட்டடித்துப் போவதைப் பல காலம் யாரும் குறையாகவே நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் காலம் வந்தும் கதை மாறவில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனிகளின் மென்பொருள்களை ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வெளுத்த ஆண்களிடம் தவறு அதிகம் போனால் 100க்கு 0.8. கறுத்த பெண்களிடம் 34.7 வரை. கறுத்த பெண்ணைப் பெண்ணென்றே பார்க்கத் தெரியாத கண்ணைச் செய்து விற்றிருக்கிறார்கள். நம் ஊரில் 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டது. செல்போன் கேமராவின் 'அழகு' பொத்தானுக்குள் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு தொல்லை என்றால் சொந்தப் பக்கமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? இதற்குப் பதில் சொல்ல நான் ரோசியிடம் போக வேண்டும்.

பி.கே. ரோசி. மலையாளத்தின் முதல் கதைப்படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி. புலையர் சமூகத்துப் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். படத்தை எடுத்தவர் நம் கன்னியாகுமரிப் பக்கத்து அகத்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல். திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையில் படம் ஓடிய ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் சொல்கிறார்கள். ரோசி அதில் நாயர் பெண்ணாக நடித்தார். புலைச்சி நாயர் பெண்ணாவதா என்று ஆதிக்க சாதியார் திரையில் கல்லெறிந்தார்கள். தன் படத்தைக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்க்கக்கூட அவரை விடவில்லை. குடிசையைக் கொளுத்தினார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்தார். லாரி ஓட்டியவரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில், நடிகை என்பதை வெளியே சொல்லாமல் வாழ்ந்து முடித்தார்.

படத்தின் பிரதி அழிந்துபோனது. அவர் முகம் என்று ஒரு மங்கலான படம் சுற்றுகிறது. அது அவர்தான் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 1992இல் டேனியல் பெயரில் கேரள அரசு விருது வைத்தது. 2013இல் அவர் கதை 'செல்லுலாயிட்' என்று சினிமாவானது. ரோசிக்கும் மெல்ல மெல்ல ஒரு இடம் வந்தது. 2019இல் கேரளத்துப் பெண் திரைக்கலைஞர்கள் அவர் பெயரில் திரைப்படச் சங்கம் ஆரம்பித்தார்கள். 2023 பிப்ரவரி 10ஆம் தேதி கூகுள் தன் முகப்பில் அவரை ஓவியமாக வைத்தது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் அந்த முகத்தை வரைந்தது யார்? ரோசி தன் முகம், தன் பெயர் எதையும் நமக்கு விட்டுச் செல்ல முடியவில்லை. அதனால் அடுத்தவர் கற்பனையில் அவர் மறுபடி மறுபடி பிறக்க வேண்டியிருக்கிறது. சொந்தப் பக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பதில்.

தோழர் ஒருவர் கடிந்துகொண்டார். "இது சுயவிளம்பரம் தானே? தன்னைச் சந்தையில் வைத்து விற்பதுதானே?" ஆம், சந்தைதான். ஆனால் கூலிக்குப் போகிறவளிடம் மட்டும் ஏன் அடக்கத்தை எதிர்பார்க்கிறீர்கள்? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசவாக இருந்த சொல்லைத் தலைப்பில் அச்சடித்தார். கோட்டு சூட்டோடு அம்பேத்கர் நிற்பதும் தன் தோற்றத்தைத் தானே தீர்மானித்த செயல்தான். அதை யாராவது சுயவிளம்பரம் என்பார்களா?

அப்படியானால் என் அக்கா மகளும் சாதியைப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ எழுதுவ சின்னம்மா, உனக்கு உத்தியோகம் இருக்கு. எனக்கு அடுத்த படம் வேணும். நாயர் வீட்டுப் பொண்ணாவும் நடிக்கணும், டாக்டராவும் நடிக்கணும். நான் மறைக்கல. எப்ப சொல்லணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்." எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. ஆனால் ரோசிக்கு அந்த முடிவை எடுக்க விடாமல் கொளுத்தியவர்களை நினைத்தால், இவள் கையில் இருக்கும் முடிவைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

தொடர்புக்கு மின்னஞ்சல் மட்டும் கொடுத்தோம். வீட்டு முகவரியை எந்தப் பெண்ணும் அங்கே போடக்கூடாது. 'வாய்ப்புத் தர்றேன், முன்பணம் கட்டு' என்று வலை வீசுகிறவர்கள் திரிகிறார்கள். நமக்கோ முகவரியில் 'காலனி' என்ற சொல் இருக்கிறது. அதை மறைத்தபோது எந்தக் காரணத்துக்காக மறைக்கிறோம் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

படத்தை அவளே மொட்டைமாடியில் காலை வெயிலில் தோழியை வைத்து எடுத்துக்கொண்டாள். கறுப்பு கறுப்பாகவே வந்தது. 'நான்' என்று ஆரம்பித்து எழுதினோம். கலைகள் என்ற இடத்தில் பறை, ஒப்பாரி, கூடவே சைக்கிள், நீச்சல், தெலுங்கு. டைட்டிலில் பெயர் வராத இரண்டு படங்களையும் ஆண்டோடு போட்டு, 'கிணற்றடிக் காட்சியில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவள் நான்' என்று எழுதினாள். அந்த வரி அவளுடையது. நான் எழுதிக் கொடுத்த எதையும்விட அது நல்ல வரி.

டொமைன் என்ற அந்தப் பெயருக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். விட்டால் வேறொருவன் வாங்கிக்கொள்வான். வாடகை வீடுதான். இருந்தாலும் கம்பெனிக்காரர்களின் திண்ணையில் ஒண்டி, அவர்கள் எண்ணிச் சொல்லும் விருப்பக் கணக்குக்குக் காத்திருப்பதைவிட மேல்.

வீதி நாடகத்திலும் சினிமாவிலும் பெயரில்லாமல் நின்ற நம் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எந்தப் படம், எந்த ஆண்டு, எந்தக் காட்சியில் எங்கே நின்றோம், படம் பிடித்தது யார் என்று ஆளாளுக்கு எழுதி வையுங்கள். இணையத்தில் முடியாவிட்டால் ஒரு நோட்டிலாவது எழுதுங்கள். எழுதும்போது 'நான்' என்று ஆரம்பியுங்கள்.