பிடிபட்ட கிலோவும் பிழைத்த உயிரும்

1988 பிப்ரவரி 26, விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் போலீஸ் கார் நின்றிருந்தது. அந்த வீட்டுக்காரர் போதை வியாபாரிகளைப் பற்றித் துணிந்து புகார் கொடுத்தவர். அவருடைய பாதுகாப்புக்காகக் காரில் தனியாக அமர்ந்திருந்த எட்வர்ட் பைர்னுக்கு வயது 22. அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் போதை ஒழிப்புக்காக மாநில, உள்ளூர் போலீஸுக்குத் தரும் மானியத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. கடத்தல் மிகுந்த வட்டாரங்களுக்கென்று தனி நிதி ஒதுக்கும் திட்டமும் அதே சட்டத்தில்தான் பிறந்தது.

ஹெராயின் போன்ற ஓபியாய்டுப் போதைகள் வீடுவீடாகப் புகுந்த பிறகு இன்னொரு மானியம் வந்தது. நீதித்துறையின் கீழ் இயங்கும் ‘காப்ஸ்’ அலுவலகம் 2015-ல் ஹெராயின் ஒழிப்புக் குழுக்களுக்கென 70 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2018-ல் அது 3 கோடியே 20 லட்சம் டாலராக வளர்ந்தது. ஹெராயினுக்கும் பிற ஓபியாய்டுகளுக்கும் அடிமையாகிச் சிகிச்சைக்கு வருவோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களின் போலீஸ்தான் இதற்கு விண்ணப்பிக்க முடியும். பணத்தைச் செலவிட வேண்டியதோ கடத்தலைத் துப்பறியும் வேலைக்கு. ஆண்டு முடிவில் காட்டும் கணக்கில் கைதும் பறிமுதலும் முன்னால் நிற்கின்றன. சிகிச்சைக்கு வந்தவர்களைக் காட்டி வாங்கிய பணம், அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்காமலே செலவாகிவிடுகிறது. இந்த மானியத்தின் அடிப்படைக் கோளாறு இதுதான்.

ஆனாலும் மானியமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 போலீஸ் அமைப்புகள் உள்ளன. அவற்றில் பலவற்றில் பத்து பேர்கூடக் கிடையாது. கடத்தல்காரன் கவுண்டி எல்லையைத் தாண்டிவிட்டால் சின்ன ஊர் போலீஸுக்கு அவன் பின்னால் போக அதிகாரமும் இல்லை, ஆளும் இல்லை, ஓவர்டைம் கொடுக்கக் காசும் இல்லை. ஷெரிஃப், நகரப் போலீஸ், மாநிலப் போலீஸ் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது இந்தப் பணம்தான்.

ஆனால் அதே பணம் எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு டெக்சாஸின் துலியா சாட்சி. சுமார் 5,000 பேர் வாழும் சிற்றூர் அது. 1999 ஜூலையில் ஒரு விடியற்காலையில் அங்கே 46 பேர் மீது கைது நடவடிக்கை பாய்ந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கொக்கெய்ன் விற்றதாகக் குற்றச்சாட்டு. வீடுகளைச் சோதித்தபோது போதைப்பொருளோ பணக்கட்டோ ஆயுதமோ சிக்கவில்லை. வழக்கு முழுவதும் ஒரே ஒரு ரகசிய அதிகாரியின் வாய்ச்சொல்லில் நின்றது. ஒலிப்பதிவு இல்லை, ஒளிப்பதிவு இல்லை. தன் காலில் பேனாவால் குறித்துக்கொண்டதாகச் சொன்னார் அவர். அதை நம்பி ஒருவருக்கு 90 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அதிகாரிக்கு மாநில அளவில் விருது கிடைத்தது. அவரை வேலைக்கு வைத்திருந்த வட்டாரப் போதை ஒழிப்புக் குழு, பைர்ன் பெயரிலான அந்த மானியத்தில்தான் நடந்தது. 2003-ல் ஆளுநர் ரிக் பெரி 35 பேருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். 2005-ல் அந்த அதிகாரி பொய்ச்சாட்சிக் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதற்குள் குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

துலியாவில் ஒரு தனிமனிதர் பொய் சொன்னார், உண்மைதான். ஆனால் அந்தப் பொய்க்கு அங்கே மதிப்பு இருந்தது. பைர்ன் மானியத்தின் அளவுகோல்களை 2013-ல் ஆராய்ந்த பிரென்னன் மையம் என்ற ஆய்வு அமைப்பு சொன்ன குறையும் இதுவே: எத்தனை கைது என்று படிவம் கேட்டது, குற்றம் குறைந்ததா என்று கேட்கவில்லை. அளவுகோல்களில் பிறகு திருத்தம் வந்தது.

ஃபென்டனில் என்ற வீரியமிக்க ஓபியாய்டின் காலத்தில் பறிமுதல் எண்ணிக்கையின் பொருளே மாறிவிட்டது. ஒரு பக்கம் ‘எம்’, மறுபக்கம் ‘30’ என்று அச்சிட்ட சின்ன நீல மாத்திரை. பார்த்தால் மருந்துக்கடை ஆக்சிகோடோன் மாதிரியே இருக்கும். உள்ளே ஃபென்டனில். பென்சில் நுனியில் ஒட்டும் 2 மில்லிகிராமே ஓர் ஆளைக் கொல்லக்கூடும். 2023-ல் மத்தியப் போதைத் தடுப்பு அமைப்பு கைப்பற்றிய ஃபென்டனில் மாத்திரைகள் சுமார் 8 கோடி. அதே ஆண்டில் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் ஏறத்தாழ 1,05,000 பேர். இவ்வளவு சின்னப் பொருளில் பிடிபட்டதைவிடத் தப்பியதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

இண்டியானாபோலிஸ் நகரில் 2020, 2021 ஆண்டுகளின் பறிமுதல்களையும் மரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. ஓபியாய்டு பிடிபட்ட இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள், அடுத்த 7 நாட்களில், எதிர்பார்த்ததைப் போல இரு மடங்கு மரணம் நேர்ந்திருந்தது. காரணம் புரியாத ஒன்றல்ல. பழகிய விற்பனையாளர் சிறைக்குப் போனதும், உடம்பு நடுங்கத் தொடங்கியவர் யாரென்றே தெரியாத ஒருவரிடம் வாங்குகிறார். அதன் வீரியம் அவருக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாள் இல்லாமல் இருந்ததால் உடம்பின் தாங்குதிறனும் குறைந்திருக்கும். மானியக் கணக்கில் அந்தப் பறிமுதல் வெற்றியாகவே பதிவாகும். ஒரு வாரம் கழித்து அரைக் கிலோமீட்டருக்குள் விழுந்த பிணம் எந்தப் படிவத்திலும் ஏறாது.

இதே போலீஸால் வேறு மாதிரியும் வேலை செய்ய முடியும். மாசசூசெட்ஸின் குயின்ஸி நகரப் போலீஸார் 2010-லேயே மூக்கில் பீய்ச்சும் நலாக்சோனை ரோந்துக் காரில் எடுத்துச் செல்லத் தொடங்கினார்கள். உதடு நீலம் பாய்ந்து மூச்சு நின்றுகொண்டிருப்பவரைச் சில நிமிடங்களில் மீட்கும் மருந்து அது. கடத்தல் வட்டார நிதியில் இயங்கும் வாஷிங்டன்–பால்டிமோர் பிரிவு 2017-ல் ‘ஓடிமேப்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. யாராவது மயங்கி விழுந்தால், பார்த்த போலீஸ்காரரோ மருத்துவ உதவியாளரோ வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். ஒரே பகுதியில் புள்ளிகள் குவிந்தால் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் எச்சரிக்கை போகிறது. கிழக்குக் கென்டக்கியில் 2003-ல் தொடங்கிய ‘ஆபரேஷன் யுனைட்’ துப்பறிதல், சிகிச்சை, கல்வி மூன்றையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. ஓடிமேப்பும் யுனைட்டும் மத்திய அரசுப் பணத்தைத் தொட்டு வளர்ந்தவைதான்.

எனவே கேள்வி பணத்தின் அளவைப் பற்றியது மட்டும் இல்லை; அது எதை எண்ணச் சொல்கிறது என்பதைப் பற்றியதும்கூட. 2024-ல் போதை அளவு மீறிய மரணங்கள் ஏறத்தாழ 80,000 ஆக இறங்கியிருக்கின்றன. நலாக்சோன் கடையில் சீட்டில்லாமல் கிடைப்பது, சிகிச்சை பரவியது, சந்தைச் சரக்கே மாறியது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. இந்த இறக்கத்தில் தன் பங்கு எவ்வளவு என்று சொல்லக் கைது எண்ணிக்கை போலீஸுக்கு உதவாது. முதலில் மாற்ற வேண்டியது மானிய விதி. பறிமுதல் நடந்த தெருவும் நேரமும் போலீஸின் கையில்தான் இருக்கின்றன. அன்றைக்கே அதைச் சுகாதாரத் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். அடுத்த 7 நாட்களுக்கு அந்த 500 மீட்டருக்குள் நலாக்சோனோடு வீடுவீடாகப் போக இரண்டு பேருக்குச் சம்பளமும் அதே மானியத்திலிருந்து கொடுக்கலாம்.