தாயிடம் கேளாத கேள்வி

பிரசவித்த மாதரின் மனநிலையை அறியப் பல நாடுகளில் வழங்கும் கேள்வித்தாள், எடின்பரோ நகரின் பெயர் தாங்கியது. 1987-இல் வெளியான அதில் கேள்விகள் 10. கடந்த 7 நாட்களைப் பற்றியே வினவும். சுருக்கமும் எளிமையும் அதன் சிறப்பு. துக்கம், அச்சம், கண்ணீர், தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் ஆகிய யாவற்றையும் கேட்கிறது. ஆயின் பிரசவத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை!

உறக்கத்தைப் பற்றிய வினாவையே நோக்குவோம். துயரத்தால் உறக்கம் கெட்டதா என்பதே அது. பெருகிய இரத்தமும் வைத்தியர்களின் ஓட்டமும் கனவில் மீண்டும் தோன்றத் திடுக்கிட்டு விழிக்கும் தாய் என்ன விடையளிப்பாள்? அவளுக்குற்றது சோர்வன்று, பேரதிர்ச்சி. நூற்றுக்கு ஏறக்குறைய 4 தாய்மார் இந்நோய்க்கு ஆளாவதாக 2017-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. மனச்சோர்வைக் காண அமைந்த தாளை இதற்கும் போதுமெனக் கொள்வோர் மீதே பிழை.

இக்குறை நீங்க, லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தார் 2018-இல் 29 கேள்விகள் கொண்ட தாளொன்றை வெளியிட்டனர். தானோ தன் குழந்தையோ இறக்க நேருமென எண்ணினாளா என்று தொடக்கத்திலேயே அது வினவுகிறது. இதுவன்றோ கேள்வி! நீளமே இதன் குறை. வேலை மிகுந்த தாதிக்கு 29 கேள்விகள் சுமையே.

"பிள்ளை பிழைத்ததே, இன்னுமென்ன அழுகை?" என்று தாயின் வாயை அடைக்கும் நம்மவர்க்கு இத்தாள் நல்ல பாடம். எனினும், கேட்பது பாதி வேலையே. கேட்டபின் சிகிச்சை அளிக்க ஏற்பாடில்லையேல், எத்தாளும் வெறுந்தாளே.