பாரம் பார்த்து வாங்கும் கத்தி

வன்னியில் கத்தி வாங்குகிறவர் முதலில் அதைக் கையில் ஏந்திப் பார்ப்பார். கிளிநொச்சிச் சந்தையிலும் வவுனியா நகரத்து இரும்புக் கடையிலும் ஊர்க் கம்மாலையிலும் இதே சடங்குதான். "நல்ல பாரம்" என்றால் நல்ல கத்தி. முதுகின் தடிப்பை விரலால் அளப்பார், வாயை நகத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பார், விலையை இரண்டு தரம் குறைத்துக் கேட்பார், பிறகு சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த இரும்பு எதிலிருந்து வந்தது, தோய்ச்சல் எப்படிப் போட்டது, பிடிக்குள் எவ்வளவு நீளம் போகிறது என்று கேட்பவர் அரிது. பாரத்தை வைத்துக் கத்தியை மதிக்கும் இந்த வழக்கத்தில் அனுபவ அறிவு இருக்கிறது. பிழை அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது.

அறிவை முதலில் சொல்லிவிடுவோம். வன்னிக் காடு உலர்வலயக் காடு. ஐப்பசி முதல் தை வரை மாரி மழை, அதன்பின் மாதக்கணக்கில் வெயில். அந்த வெயிலில் மெல்ல மெல்ல வளரும் மரங்கள் வைரம் பாய்ந்தவை. முதிரை, வீரை, கருங்காலி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாலை. பாலைக் கட்டையைக் குளத்தில் போட்டால் மிதக்காது. பிரேசில் நாட்டுத் திராமொந்தினா போன்ற ஆலைகள் செய்து உலகெங்கும் அனுப்பும் மெசெட்டி வகைக் கத்தி இரண்டு, மூன்று மில்லிமீற்றர் தடிப்புத்தான் இருக்கும். கரும்புக்கும் உயர்ந்த புல்லுக்கும் பச்சைக் கொடிக்கும் அது அருமையான கருவி. காய்ந்த வீரைத் தடியில் போட்டால் அலகு அதிர்ந்து, அந்த அதிர்வு மணிக்கட்டில் வந்து நிற்கும். பாரமான கத்தி தன் எடையாலேயே உள்ளே இறங்கும். ஆகவே பாரம் கேட்பவர் காடறியாதவர் இல்லை.

ஆனால் ஒருவருடைய கத்தி வருடத்தில் எத்தனை நாள் பாலையோடு மல்லுக்கட்டுகிறது? பெரிய மரத்துக்குக் கோடாலி வீட்டுக்கு வீடு இருக்கிறது. கத்திக்கு மிஞ்சுவது பற்றை வெட்டுவதும், எல்லை துப்புரவாக்குவதும், வேலிக்குக் கதியால் வெட்டுவதும், ஆட்டுக்குக் குழை முறிப்பதும், வயற்காவல் குடிலுக்குத் தடி சீவுவதும்.

இவற்றில் கதியாலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கிளுவையோ சீமைக்கிளுவையோ பூவரசோ, வெட்டி நட்டது துளிர்க்க வேண்டும். அதற்கு அடிவெட்டு சரிவாக, பட்டை கிழியாமல் விழ வேண்டும். பட்டை நசிந்தால் அடி அழுகும். மேல்நுனி பிளந்தால் அந்த வழியே தண்ணீர் இறங்கிக் கதியால் பட்டுப்போகும். முதுகு எட்டு மில்லிமீற்றர் தடிப்பும் வாய் மொட்டைச் சாய்வுமாக இருக்கும் கத்தி கதியாலைப் பிளந்துவிடுகிறது. விறகு கொத்த அந்தப் பிளப்பே தேவை, கதியாலுக்கு அதே பிளப்பு நாசம். முதுகு தடிப்பாக இருப்பதில் குற்றமில்லை. அந்தத் தடிப்பு வாய்ப்பக்கம் போகப் போக எவ்வளவு சீராக மெலிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நுனியிலிருந்து பிடிவரை பக்கவாட்டுச் சரிவைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பாரம் பார்க்கும் கைக்கு இது தெரியாது.

பாரத்துக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. அது வெட்டத் தூண்டும். ஆனி, ஆடியில் பாலைப்பழக் காலம் வந்தால், ஏறிப் பறிக்கவேண்டிய பழத்துக்காகக் கொப்பையே தறித்து வீழ்த்துகிறவர்களை வன்னியில் யாரும் காணலாம். அந்தக் கொப்பு திரும்ப வளர எத்தனை வருடம் என்று கணக்குப் பார்க்கும் பொறுமை, கையில் பெரிய கத்தி இருக்கிறவருக்கு வருவதில்லை.

வன்னிப் பற்றைக்குப் பொருந்திய வடிவம் எது என்று கேட்டால், என் வாக்கு நீளப்பிடி போட்ட காட்டுக்கத்திக்குத்தான். நீண்ட மரப்பிடி, அதன் முனையில் உள்வளைந்த அலகு. எடை முழுவதும் முனையில் இருப்பதால் மொத்தக் கத்தி இலகுவாக இருந்தும் வெட்டு ஆழமாக விழுகிறது. இடக்கையில் ஒரு கவர்த்தடியால் பற்றையைத் தூக்கிப் பிடித்து, வலக்கையால் அடியில் இழுத்து வெட்டலாம். சூரையும் காரையும் முள்ளோடு பின்னிக் கிடக்கும் இடத்தில் வளைந்த நுனி கொக்கியாகி இழுத்துத் தருகிறது. எல்லாவற்றிலும் முக்கியம், சுருட்டையும் புடையனும் கிடக்கக்கூடிய பற்றையடியிலிருந்து விரல்கள் இரண்டு, மூன்று அடி தள்ளி நிற்கின்றன. தடித்த குட்டைக் கத்தியால் அதே வேலையைச் செய்கிறவர் குனிந்து, முகத்தையும் கையையும் பற்றைக்குள் கொடுக்க வேண்டியிருக்கிறது. காட்டுக்கத்திக்கும் குறை உண்டு. வீச இடம் வேண்டும், நெருங்கிய மரங்களுக்கிடையில் அது உதவாது. குறி தப்பிய வீச்சு முழங்காலுக்குக் கீழே வந்து முடியும். நுணுக்கமாகச் சீவுகிற வேலைக்கு ஆகாது. இந்தக் குறைகளைச் சின்னக் கத்தி ஒன்று ஈடுகட்டிவிடும். இரண்டு கத்தி வாங்குவதா என்று கேட்பவர், எல்லா வேலைக்கும் என்று வாங்கிய பாரக்கத்தி மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதைப் போய்ப் பார்க்கட்டும்.

இனி இரும்பு. இங்கேதான் நம் வழக்கத்தின் பெரிய பலமும் பெரிய பலவீனமும் ஒன்றாக இருக்கின்றன.

இந்தத் தீவில் உருக்கு வடித்த காலம் ஒன்று இருந்தது. சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த உலைகளை ஆய்ந்த ஜில் ஜுலெஃப், அவை கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியதாக 1996இல் எழுதினார். இன்றைய கம்மாலைக்கு வருவதோ பிறர் கழித்த இரும்பு, முக்கியமாக லொறியின் வில்லுத்தகடு. 1990களில் பொருளாதாரத் தடையால் இரும்பும் சீமெந்தும் எரிபொருளும் பற்றரியும் வன்னிக்குத் தடுக்கப்பட்டிருந்தபோது, பழைய தகட்டின் அருமை இன்னும் கூடியது. வறுமையால் வந்த தேர்வென்றாலும் நல்ல தேர்வு. லொறி வில்லுக்கு ஜப்பானியர் பயன்படுத்தும் எஸ்.யூ.பி. 9 வகையும் அமெரிக்கரின் 5160 வகையும் கிட்டத்தட்ட ஒரே உருக்கு: கரிமம் 0.6 வீதத்தை ஒட்டி, கூடவே கொஞ்சம் குரோமியம். உலகின் பெயர்பெற்ற கொல்லர்கள் பெரிய வெட்டுக்கத்திக்குத் தேடி வாங்கும் உருக்கும் அதுதான். வளைந்து நிமிர்வதற்கென்றே பிறந்த உலோகம், கட்டையில் அடிபட்டால் சட்டென்று முறியாது.

பலவீனம் என்னவென்றால், கையிலிருக்கும் தகடு உண்மையில் வில்லுத்தகடுதானா, அது என்ன பாடுபட்டது என்று யாருக்கும் தெரியாது. லட்சம் மைல் குலுங்கிய தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடியிருக்கலாம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கம் எரிந்த வாகனங்கள் குவிந்து கிடந்தன. அதன்பிறகு பழைய இரும்பு வியாபாரம் பெருகியது. எரிந்து மெல்ல ஆறிய வில்லில் தோய்ச்சல் போய்விடும். அதை உலையில் வைக்காமல் கிறைண்டரால் மட்டும் அறுத்துத் தீட்டினால், பார்வைக்குக் கத்தி, வெட்டினால் வாய் மடங்கும் தகடு. எரியாத வில்லைச் சூடேறாமல் அறுத்துத் தீட்டுவதில் ஓரளவு நியாயம் உண்டு, வில்லின் தோய்ச்சல் அப்படியே இருக்கும். வாய் சீக்கிரம் மழுங்கினாலும் உடையாது. இதைவிடக் கேவலம், கட்டிடக் கம்பியையோ சாதாரணப் பட்டை இரும்பையோ தட்டி, மினுக்கி, வில்லுக்கத்தி என்று விற்பது. அதில் கரிமமே போதாது, எத்தனை முறை தோய்ச்சாலும் இறுகாது.

தோய்ச்சலைப் பற்றி வாங்குகிறவர் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும். சிரட்டைக் கரி உலையில் அலகு செம்மஞ்சளாகக் கனன்று, காந்தம் ஒட்டாத சூட்டையும் சற்றே தாண்டியதும் வாய்ப்பக்கத்தை மட்டும் முக்குவார் கைதேர்ந்த கொல்லர். வாய் இறுகும், முதுகு இளகியே இருந்து அடியைத் தாங்கும். பிறகு முதுகில் மிஞ்சிய சூடு வாய்க்கு ஊர்ந்து வரும்போது துடைத்த இரும்பில் நிறம் மாறும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். சவரக்கத்தி மஞ்சளில் நிற்கலாம். காடு வெட்டும் கத்தி பழுப்பைத் தாண்டி ஊதாவைத் தொட வேண்டும், அது ஏறக்குறைய 270 பாகை. மஞ்சளிலேயே அவசரப்பட்டுக் குளிர்த்தினால் முதல் பாலைக் கணுவில் வாய் பல்லுப்பல்லாக உதிரும். அலகு முழுவதையும் தண்ணீரில் போட்டால் இந்த வகை உருக்கு வெடிக்கவும் கூடும், அதற்குக் கழிவு ஒயில் பாதுகாப்பு. கொல்லர் நிழலில், மங்கலில் வேலை செய்வது இந்த நிறங்களைக் கண் பிடிப்பதற்காகத்தான். வெட்டவெளி வெயிலில் தோய்ச்சல் போடுகிறவரிடம் நான் கத்தி வாங்கமாட்டேன்.

வெளியிலிருந்து இதைச் சோதிக்க வழி இல்லாமல் இல்லை. வாயின் ஓரத்தில் அரத்தை மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். வெண்ணெய்போல் அரித்தால் இளகல், கண்ணாடியில் ஓடுவதுபோல் வழுக்கினால் மிகை இறுக்கம். சிரமப்பட்டுக் கடிக்க வேண்டும். அது தற்செயலாக நமக்கு வாய்த்த சௌகரியமும்கூட. காட்டில் கத்தி தீட்டக் கிடைப்பது ஓர் அரமும் ஒரு கல்லும்தான், அரம் கடிக்காத உருக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும் இங்கே ஒரு மாதத்தில் மழுங்கட்டை. பிறகு, காய்ந்த கட்டையில் பத்து வெட்டு வெட்டிவிட்டு வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். மடிந்தோ உடைந்தோ இருக்கும் இடம் வெள்ளையாக மினுங்கும். இந்தச் சோதனைக்கு மறுக்கிற கடையில் பாரம் எவ்வளவு இருந்தால் என்ன?

கம்மாலைக் கத்தியின் மறுக்கமுடியாத பலம், அதைச் செய்தவர் அருகில் இருக்கிறார் என்பது. வாய் இளகலா, திருப்பித் தோய்ச்சல் போடுவார். தேய்ந்துபோனதா, காய்ச்சி அடித்து வாயை இழுத்துத் தருவார். பத்து வருடத்தில் பாதியாகத் தேய்ந்த கத்தியைக் குழை முறிக்கும் கொக்கத்தடிக்கு மாற்றித் தருவார். எந்தத் தொழிற்சாலையின் உத்தரவாதமும் இதற்கு ஈடில்லை. ஆனால் நாங்கள் அந்தப் பலத்தைப் பயன்படுத்துவதில்லை. விலையைக் குறைத்துக் குறைத்து, கொல்லர் தோய்ச்சலுக்குச் செலவிடவேண்டிய நேரத்தையே குறைத்துவிட்டோம். குறை வந்தால் திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்வதுமில்லை. அடுத்த முறை வேறு இடத்தில், இன்னும் பாரமானதாக ஒன்று வாங்குகிறோம். குறை எதுவென்று காதில் விழாத கொல்லர் எப்படித் திருத்துவார்?

வெளிநாட்டு உறவினர் பயணப்பையில் வந்திறங்கும் கத்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாண் நீளம், கறுப்புப் பூச்சு, முதுகில் வாள்பல். உருக்கின் பெயர் அலகிலேயே பொறித்திருக்கும், தோய்ச்சல் கத்திக்குக் கத்தி மாறாது. இந்த நேர்மையைக் கம்மாலை கற்கலாம். மற்றபடி, தடியால் அடித்து விறகு பிளக்கும் வித்தைக்காக ஐந்து, ஆறு மில்லிமீற்றர் தடிப்பில் செய்யப்பட்ட அந்தக் கத்திகள், கோடாலி இல்லாத காட்டுக்குப் போகிறவருக்கானவை. வாள்பல் எதையும் ஒழுங்காக அறுப்பதில்லை. சுவீடனின் மோரா போன்ற மெல்லிய, மலிந்த கத்தியே நம் காட்டுக்கத்திக்குத் துணையாக உருப்படியானது. கொக்கிளாய், நாயாறுப் பக்கம் உப்புநீரில் வேலை செய்கிறவருக்குத் துருப்பிடிக்காத உருக்கும் கைகொடுக்கும்.

கத்தி முறிந்தது என்று சொல்பவர்களிடம் எங்கே என்று கேளுங்கள், பெரும்பாலும் பிடியடியில் என்பார்கள். எட்டு மில்லிமீற்றர் அலகுக்கு ஈர்க்குப்போல் ஒரு வால் இழுத்து, விரலளவு ஆழத்தில் செருகி, மேலே பளபளக்கும் பூண் போட்டுவிட்டால் உள்ளே நடந்தது தெரியாது. வீச்சின் விசையெல்லாம் கூடுவது அந்த இடத்தில்தான். குறைந்தது பிடியின் முக்கால் நீளமாவது வால் போக வேண்டும், அது அலகோடு சேரும் மூலை கூரான வெட்டாக இல்லாமல் வளைந்து இறங்க வேண்டும். இரு பக்கமும் பலகை வைத்து ஆணி அறைந்த பிடியில் இதைக் கண்ணாலேயே காணலாம். மரம் புளியோ விளாத்தியோ நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பச்சை மரத்துப் பிடி கோடையில் சுருங்கிக் கழன்று, ஒருநாள் வீச்சோடு அலகு பறக்கும்.

எந்தக் கத்தியும் எடுக்கக்கூடாத நிலமும் இங்கே இருக்கிறது. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றுவோர் பற்றையைக் கத்தரியால் மேலிருந்து சிறிது சிறிதாக நறுக்கி, வெட்டியதைக் கையில் பிடித்து எடுத்துவைப்பதைக் கண்டிருப்பீர்கள். நிலத்தை நோக்கி வீசுவது எதுவும் அவர்கள் வேலையில் கிடையாது. எச்சரிக்கைப் பலகை நிற்கிற காணியில், விடுவிக்கப்பட்டதாக எழுத்தில் அறிவிக்காத எல்லையில், பற்றை வெட்டுவதும் பழைய இரும்பு பொறுக்குவதும் கூடாது. அங்கே கிடக்கும் வில்லுத்தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கிடக்கட்டும்.

கடைசியாக உறை. கம்மாலையில் கத்தியோடு உறை தருவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இடுப்பில் வெறுமனே செருகியோ சாக்கில் சுற்றியோ கொண்டுபோவதால் தொடையில் வெட்டு, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குப் பயம். ஒன்றரை அங்குல பீ.வீ.சீ. குழாய்த் துண்டைச் சூடுகாட்டி, இரண்டு பலகைக்கிடையில் தட்டையாக அமர்த்தினால் குட்டைக் கத்திக்கு அரைமணி நேரத்தில் உறை தயார். காட்டுக்கத்தியின் வளைந்த வாய்க்கு, நீளவாக்கில் கீறிய தண்ணீர்க் குழாயை மாட்டி ரப்பர் பட்டியால் கட்டினால் போதும். தட்டையாக்கிய உறையின் அடியை மட்டும் மூடிவிடக்கூடாது. மாரியில் உள்ளே தண்ணீர் தேங்கி, துரு முதலில் நுனியைத்தான் தின்னும்.