கேஸ் கசிவு அலாரம்: எந்த உயரத்தில் மாட்டுகிறோம் என்பதே முதல் கேள்வி

சமையலறைக்கு கேஸ் கசிவு அலாரம் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் கருவியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பிளக் ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் யோசிக்க வேண்டும். நம் சமையலறைகளில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது? மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் வசதியாக, அடுப்பு மேடைக்கு மேலே. சிலிண்டர் கேஸோ காற்றைவிடக் கனமானது. அதில் கலந்திருக்கும் புரொபேன் காற்றைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு எடை, பியூட்டேன் சுமார் இரண்டு மடங்கு. கசிகிற கேஸ் மேடையிலிருந்து வழிந்து தரைக்கு இறங்கி, சிலிண்டர் வைத்திருக்கும் அடிப்பகுதியில்தான் முதலில் தேங்கும். மார்பு உயரத்தில் மாட்டிய அலாரம் அதை உணர்வதற்குள் கீழே நிலைமை முற்றியிருக்கும்.

அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்காக இரண்டு கருவிகளை வாங்கி ஒரே சமையலறையில் வைத்துப் பார்த்தேன். ஒன்று நேராக பிளக்கில் செருகுவது. இன்னொன்று நீளமான ஒயருடன் வருவது, சுவரில் எங்கு வேண்டுமானாலும் திருகி மாட்டலாம். இரண்டாவதைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிலிண்டருக்கு அருகே, ஆனால் தரை கழுவும் தண்ணீர் தெறிக்காத பக்கமாக மாட்டினேன். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

சோதிக்க சிகரெட் லைட்டர் போதும். அதற்குள் இருப்பது பியூட்டேன். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, லைட்டரைப் பற்றவைக்காமல் கேஸை மட்டும் கருவியின் துளைகளுக்கு அருகே ஒரு கணம் விட வேண்டும். இதற்காக சிலிண்டரைத் திறந்துவிட்டுப் பார்க்கும் வேலையே கூடாது. துளைக்கு நேராகக் காட்டியபோது இரண்டும் சில நொடிகளில் அலறின. பச்சை விளக்கு சிவப்பாக மாற, கூடத்தில் இருந்த அம்மா "என்னப்பா இப்படிக் கத்துது?" என்று எழுந்து வந்துவிட்டார். சத்தத்தில் இரண்டுக்கும் குறையில்லை. பிறகு அதே லைட்டரைத் தரையோரமாக, சிலிண்டர் பக்கத்தில் வைத்துக் கேஸை விட்டேன். கீழே இருந்த கருவி கத்தியது. மேலே பிளக்கில் இருந்ததன் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சென்சார் ஒரே வகைதான். வித்தியாசம் மாட்டிய இடத்தில்.

அந்த சென்சார் ஜப்பானில் பிறந்தது. வீடுகளில் சிலிண்டர் கேஸ் பரவி வெடிவிபத்துகள் நிகழ்ந்த காலத்தில், நவோயோஷி தகுச்சி என்பவர் 1962இல் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969இல் தொடங்கிய ஃபிகாரோ நிறுவனம் இதைப் பெருமளவில் தயாரித்தது. உள்ளே இருப்பது டின் டை ஆக்சைடு என்ற பொருளின் மெல்லிய பூச்சு. அதைச் சூடாக்க ஒரு சிறு ஹீட்டர். சுத்தமான காற்றில் ஆக்ஸிஜன் இந்தப் பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் மின்தடை அதிகமாக இருக்கும். கேஸ் வந்தால் அது ஒட்டியிருக்கும் ஆக்ஸிஜனோடு வினைபுரிகிறது. பிடிபட்ட எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன, மின்தடை சட்டென்று இறங்குகிறது. கருவி அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் கத்துகிறது.

கசிவு நடக்கும் இடத்திலேயே சூடான ஒரு பொருளை வைப்பது ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். சென்சாரைச் சுற்றி மிக நுண்ணிய எஃகு வலை இருக்கிறது. உள்ளே தீப்பற்றினாலும் வலை அந்த வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் சுடர் வெளியே தாண்டாது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஹம்ஃப்ரி டேவி 1815இல் செய்த விளக்கின் அதே தத்துவம். இருநூறு ஆண்டு பழைய அறிவு இன்று அம்மாவின் சமையலறைச் சுவரில் வேலை செய்வது எனக்கு மனநிறைவாக இருக்கிறது.

மூக்கு இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கேஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. எத்தில் மெர்காப்டனைச் சேர்த்துத்தான் அந்த நாற்றத்தைக் கொடுக்கிறார்கள். சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் அது எட்டாமல் போகலாம். தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிவிடும். தூங்குகிறவருக்கு மூக்கே துணையில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்துபோய், கேஸ் மட்டும் வந்துகொண்டிருப்பது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

கருவி எந்த அளவில் கத்த வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. காற்றில் சிலிண்டர் கேஸ் சுமார் 1.8 விழுக்காட்டை எட்டினால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கை எட்டுவதற்குள் வீட்டு அலாரம் கத்திவிட வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. அட்டைப்பெட்டியில் 1000 பிபிஎம் என்று போட்டிருந்தால் அது 0.1 விழுக்காடு, அதாவது வெடிக்கும் அளவில் பதினெட்டில் ஒரு பங்கு. அது நல்ல எச்சரிக்கை தூரம். எந்த எண்ணும் போடாமல் 'அதிநவீன சென்சார்' என்று மட்டும் எழுதியிருக்கும் பெட்டியை நான் எடுக்க மாட்டேன்.

தாளிப்புக்கும் சாம்பிராணிக்கும் இரண்டு கருவிகளும் சத்தம் போடவில்லை. சானிடைசர் ஊற்றி மேடையைத் துடைத்தபோது கத்தின. ஆல்கஹால் ஆவியும் இந்த சென்சாருக்குக் கேஸ் மாதிரிதான். கரப்பான் ஸ்ப்ரே அடித்தபோது கீழே இருந்தது பெரிதாக அலறியது. இதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பல ஸ்ப்ரே டப்பாக்களில் மருந்தை வெளியே தள்ளுவதே பியூட்டேன், புரொபேன்தான். கருவி உண்மையைத்தான் சொன்னது. பிளக் வகை மட்டும் குக்கர் ஆவி நேராகப் படும் இடத்தில் இருந்ததால் ஓரிரு முறை கசிவே இல்லாமல் கத்தியது. இப்படிக் கத்திக்கொண்டே இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், அதுதான் என் கவலை. இன்னொன்று, சிங்க் ஓரத்தை அடைக்கும் சிலிகான் பசையின் ஆவி இந்த சென்சாரை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அந்த வேலை நடக்கும்போது கருவியைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

விலை கூடிய மாடல்களில் வரும் ஒரு வசதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கேஸ் கசிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடும் என்கிறார்கள். சாதாரண ஃபேனின் மோட்டாரும் அதை இயக்கும் ரிலேயும் பொறி கக்கக்கூடியவை. கசிவின்போது எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்காதீர்கள் என்று கேஸ் நிறுவனங்கள் சொல்லிக்கொண்டே இருக்க, அதே காரியத்தை ஒரு கருவி தானாகச் செய்வது பாதுகாப்பு ஆகாது. அந்த இணைப்பைக் கொடுக்காமல் விடுவதே நல்லது.

அலாரம் அடித்ததும் கேஸை நிறுத்தும் தானியங்கி வால்வு உள்ள மாடல் உண்மையிலேயே பயனுள்ளது. அதற்கும் எல்லை உண்டு. வால்வு ரெகுலேட்டருக்குப் பிறகு, ரப்பர் டியூப் வழியில் உட்காருகிறது. டியூப் வெட்டுப்பட்டாலும் அடுப்புக் குமிழ் திறந்திருந்தாலும் காப்பாற்றும். சிலிண்டர் வாயில் இருக்கும் வாஷர் தேய்ந்து அங்கேயே கசிந்தால் வால்வு ஒன்றும் செய்ய முடியாது. அங்கே அலாரம் மட்டும்தான் துணை. செல்போனுக்குத் தகவல் அனுப்பும் வசதி அம்மா போலத் தனியாக இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஆறுதல், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணும் கையில் இருந்தால்தான் அந்தத் தகவலால் பலன்.

ஹீட்டர் எப்போதும் சூடாக இருக்க வேண்டும் என்பதால் கருவிக்கு இடைவிடாமல் மின்சாரம் தேவை. இரண்டு வாட் எடுத்தால் மாதம் ஒன்றரை யூனிட்கூட ஆகாது, செலவு பொருட்டல்ல. கரன்ட் போனால்தான் சிக்கல். நான் வாங்கிய இரண்டிலும் பேட்டரி இல்லை. கரன்ட் வந்த பிறகும் சென்சார் சூடேறி நிதானத்துக்கு வரச் சில நிமிடங்கள் ஆகின்றன. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அந்த லைனில் இணைத்துவிடலாம். இல்லாதவர்கள் பேட்டரி உள்ள மாடலைத் தேடி வாங்க வேண்டும்.

குழாய் வழி எரிவாயு வாங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன உயரக் கணக்கு தலைகீழ். குழாயில் வருவது மீத்தேன், காற்றைவிட லேசானது, கூரைக்கு ஏறும். அவர்கள் கருவியைக் கூரையோரம்தான் மாட்ட வேண்டும், வாங்கும்போதே மீத்தேனுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறும் வீடுகள் பழைய அலாரத்தைப் பழைய இடத்திலேயே விட்டுவிடக் கூடாது.

ஒயர் வகைக்கே என் ஓட்டு. அம்மா வீட்டில் இப்போது அதுதான் இருக்கிறது, பிளக் வகையைக் கழற்றிவிட்டேன். சுவரில் அதற்கு மேலே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: சுவிட்சைத் தொடாதே, ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, வெளியே போய் 1906க்கு போன் செய். இந்த நான்கு வரியையும் தயாரிப்பாளர்களே கருவியின் முகப்பில் தமிழில் அச்சிட்டுத் தரலாம். கூடவே சென்சாரை மாற்ற வேண்டிய மாதமும் வருடமும் வேண்டும். அடுப்புக்குப் போகும் சுரக்ஷா ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், சென்சாருக்கும் ஆயுள் உண்டு. நான் வாங்கிய இரண்டு பெட்டிகளிலும் அந்தத் தேதி இல்லை.