கைப்பொருளும் கதைநூலும்

கைப்பொருள் செலவிட்டுத் தம் நாவலைத் தாமே வெளியிடுவோரை ஏளனமாய்ப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நேரிய பார்வையன்று. 1908 முதல் 1918 வரை இப்புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், பின்னர் 1920-இல், தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாக அச்சிடுவதற்குக் கடன் வேண்டி அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். அக்கடனை வட்டியுடன் திருப்பித் தர முடியும் என்று அவர் எண்ணியது வாசகரை நம்பித்தான். இந்தச் சிறு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முதலில் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தது. 1988-இல் ஆசிரியரின் சொந்தச் செலவில் நூலாயிற்று. மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். மலையாளத்தில் பயின்றமையால், தமிழ்க் கதையை மலையாள எழுத்திலேயே எழுதி, பிறர் துணையால் தமிழ் எழுத்துக்கு மாற்றியவர். இத்தகையவரின் கைப்பிரதியை அந்நாளில் எந்த வணிகப் பதிப்பாளர் விரும்பி ஏற்றிருப்பார்?

ஏற்றிருந்தாலும் நூல் இவ்வடிவில் வந்திருக்குமா என்பது ஐயமே. அஹமதுகண்ணு முதலாளியின் செருக்கு, அவரை எதிர்த்து நிற்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது, ஊரை ஏய்க்கும் தங்ஙள், ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு எழும் எதிர்ப்பு யாவும் தேங்காப்பட்டினக் கடற்கரையின் பேச்சிலேயே நிகழ்கின்றன. மலையாளமும் அரபும் விரவிய அப்பேச்சைப் ‘பொதுவாசகருக்குப் புரியாது’ என்று திருத்தியிருந்தால் நாவலின் உயிர் போயிருக்கும். குறை இல்லாமலில்லை. முதலாளியின் கொடுமை சில இடங்களில் ஒரே வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. ஆயினும் நம் சமுதாயத்தின் புண்ணை நம்மவர் ஒருவரே, நம்மவர் நடத்தும் இதழிலேயே திறந்து காட்டினார் என்பது சிறிய செயலன்று. 1997-இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்ததை யாவரும் அறிவர். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவர் தம் பணத்தை வைத்து ஏற்ற துணிவைத்தான் பலர் மறந்துவிட்டனர்.

இன்று பணம் பெற்று நூல் வெளியிட்டுத் தரும் நிறுவனங்களும் இதையே செய்வதாகச் சொல்லிக்கொள்கின்றன. ஒப்புக்கொள்வதற்கில்லை. மீரானின் நாவல் அச்சேறுமுன் ஓர் இதழாசிரியரின் கண்ணைக் கடந்தது; மாதந்தோறும் வாசகர் முன் நின்றது. இந்நிறுவனங்களுக்கோ வருவாய் எழுத்தாளரின் பையிலிருந்தே வந்துவிடுகிறது. நூல் விற்றாலென்ன, விற்காவிட்டாலென்ன! கேட்டபோது கேட்ட பிரதியை அச்சிட்டுத் தரும் முறை வந்தபின், கட்டுக்கட்டாய் வீட்டில் தேங்கும் தொல்லை ஒழிந்தது மெய்யே. ஆனால் கைப்பிரதியைப் படித்து, “இந்த அத்தியாயம் வேண்டாம்” என்று சொல்லும் ஆளும் அத்துடன் ஒழிந்துவிட்டார். நூலுக்குரிய பன்னாட்டுத் தர எண்ணை நம் நாட்டில் அரசு முகமையிடமிருந்து கட்டணமின்றியே பெறலாம். அதையும் பெருஞ்சலுகைபோல் விளம்பரத்தில் காட்டும் போக்கு வேடிக்கையானது.

கோரிமேட்டில் எமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர் இவ்வாறு வெளிவந்த தம் நாவலை எம்மிடம் தந்தார். அட்டை அழகு, தாள் உயர்வு. கப்பலுக்குப் போன தந்தையை மகள் நினைத்துப் பார்க்கும் பகுதியில் உண்மையான எழுத்தாற்றல் தென்படுகிறது. ஆனால் முற்பகுதியில் மைமூன் என்ற அப்பெண், பிற்பகுதியில் மைதீன் பீவியாகிவிடுகிறாள். பணம் வாங்கியவர்களுள் ஒருவரேனும் அதைப் படித்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது. அவர் இரண்டாம் நாவலைத் தொடங்கியிருக்கிறாராம். முதல் மூன்று அத்தியாயங்களை ஏதேனும் ஒரு மாத இதழுக்கு அனுப்பிப் பார்க்குமாறு சொல்லியிருக்கிறோம்.