ஆய்வேடும் லயத்து மொழியும்

க. கைலாசபதி 1966இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வு, தமிழர் வீரயுகப் பாடல்களைப் பற்றியது. 1968இல் அது ஆங்கில நூலாக வெளியாயிற்று. எனினும் அவ்வாய்வின் நோக்கு ஈழத்து வாசகரைப் பரவலாக வந்தடைந்தது அவர்தம் தமிழ்க் கட்டுரைகள் வாயிலாகவே எனலாம். எம்மொழியாரைப் பற்றி ஆராய்ந்தாரோ அம்மொழியாருக்கே மீளச் சொல்லும் அக்கடன், மலையகத்தைப் பொருளாகக் கொண்ட பிற்கால ஆய்வுகளில் எத்துணை பேணப்பட்டுள்ளது என்பது நோக்கற்பாலது.

ரேச்சல் குரியன் 1989இல் ஆம்ஸ்டர்டாமில் அளித்த ஆய்வேடு, இலங்கைப் பெருந்தோட்டங்களில் அரசு, மூலதனம், உழைப்பு ஆகியவற்றின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை ஆராய்வது. மைத்ரி ஜெகதீசன் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட ஆய்வின் வழிவந்த நூல் (2019) போருக்குப் பிந்திய காலத் தோட்டப் பெண்களைப் பற்றியது. இரண்டும் மதிக்கத்தக்க உழைப்பின் பயன். இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தவை.

மொழியை மொழியியலாளரிடம் விட்டுவிட்டுச் சுகாதாரத்தை ஆராய இயலுமா? பதுளையை அடுத்த நமுனுகுல மலைச்சாரலில், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு மருத்துவ ஆய்வாளர் ஒருவர் வினாக்கொத்துடன் செல்வதாகக் கொள்ளலாம். நோயினால் எத்தனை நாள் வேலை இழக்கப்பட்டது என்பது வினா. தோட்டத்திலோ வேலைநாள் 'பேர்' என எண்ணப்படும். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. காய்ச்சலுடன் மலையேறி அரைப்பேருடன் திரும்பிய பெண் ஒரு நாளையும் இழந்தவளல்லள். அட்டவணையில் அவள் நலமுடையவள்! ஒரு சொல்லை அறியாமையால் ஒரு நோய் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறது.

பொறியியலில் இப்பிளவு உயிரையே வாங்கவல்லது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடத்தின் ஆபத்தை 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மாற்று நிலமும் வீடுமின்றி எச்சரிக்கை ஒன்றினால் மாத்திரம் எவரும் இடம்பெயர இயலாது. அதன் பொருட்டு ஆய்வாளரைக் குறைகூறல் தகாது. ஆயினும் பிறிதொன்று உண்டு. மழைநீர் ஊறி மண்டுளைகளில் அழுத்தம் உயர, மண்ணின் பிடிப்புத் தளர்கிறது. ஆய்வேடு இதனைச் சமன்பாடாகத் தரும். சுவரில் புதிய வெடிப்பையும், இறுகி மூடாத கதவையும், திடீரெனக் கலங்கும் ஊற்றையும் முதலிற் காண்பவர் லயத்திலிருப்பவர். எந்தக் கானில் நீர் வடியாது தேங்கி உள்ளிறங்குகிறது என்பதைக் கான் வெட்டுபவர் அறிவார். அவர்தம் அறிவு சமன்பாட்டினுட் புகுவதில்லை. சமன்பாட்டின் முடிவு அவரிடம் தமிழில் வருவதுமில்லை. 2025 நவம்பரில் டித்வாப் புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தன.

தோட்டங்களைப் பற்றிய ஆய்வேடு எத்துறையினதாயினும், அதன் வினாக்கொத்து தோட்டச் சொற்களிலேயே பரீட்சிக்கப்படவேண்டும். முடிபுகளைத் தமிழில் பத்துப் பக்கங்களிலேனும் தருவதைப் பட்டத்துக்குரிய நிபந்தனையாக்கலாம். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமே இதனைத் தொடங்கலாம். ஸ்பிரிங்வெளி அங்கிருந்து தொலைவிலில்லை.